தேயிலைப் பெட்டிப் படகு

ஊசிமலைத் தோட்டத்தில் வீரய்யாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சலாம் வீரய்யா. தோட்டத்தை நடத்துகிற தொரையைக் கண்டால் எல்லோரும்தான் எழுந்து நிற்பார்கள், தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள், 'சலாங்க தொரை' என்பார்கள். அது தோட்டத்து வழக்கம். வீரய்யாவுக்கோ தொரையைக் காண வேண்டும் என்றுகூட இல்லை. மலை வளைவில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிடுவான். மரக்கறி லாரிக்கு எழுந்து நின்றிருக்கிறான். கங்காணி மகன் வாங்கிய ஓட்டை மோட்டார் சைக்கிளுக்கு எழுந்து நின்றிருக்கிறான். ஒருமுறை, எழுந்திருக்கவே கூடாத இடத்திலிருந்தும் எழுந்து நின்றிருக்கிறான். அதை ராக்காயி யாரிடமும் சொல்வதில்லை, கூடக் கொழுந்தெடுக்கிற பெண்களைத் தவிர.

ராக்காயி அவன் பெண்டாட்டி. கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி, வாயடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரி. புருஷனைக் கேலி செய்ய வேறு யாருக்கும் அவள் இடம் கொடுத்ததில்லை, அந்த வேலையை அவளே பார்த்துக்கொண்டாள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவளால் சிரித்துத் தள்ள முடியவில்லை. அது அவள் கலியாணம்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், பள்ளத்து மாரியம்மன் கோயிலில், அரசமரத்துக்குப் பக்கத்தில் மணை போட்டுக் கலியாணம். தப்பும் உறுமியும் முழங்க வீரய்யா தாலியை எடுத்தான். ஒரு முடிச்சுப் போட்டான். அப்போது மேல் ரோட்டில் தொரையின் மோட்டார் சைக்கிள் போனது. வீரய்யா தாலிக் கயிற்றை விட்டுவிட்டு மணையிலிருந்து எழுந்து, மாப்பிள்ளைத் தலைப்பாகையை உருவிக் கக்கத்தில் இடுக்கி, 'சலாங்க தொரை' என்று நின்றுவிட்டான். தொரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவிழப் போன கயிற்றைப் பாய்ந்து பிடித்து மிச்ச இரண்டு முடிச்சையும் போட்டவள் வீரய்யாவின் அக்காள் காளியாயி. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது உலகத்தில் உள்ளதுதான். இரண்டாவதையும் நாத்தனாரே போட்டது ராக்காயிக்கு மட்டும்தான்.

காளியாயி அதைச் சும்மா விடுவாளா? பூண்டுலோயாவிலிருந்து வரும்போதெல்லாம், கறியில் ஒரு துண்டு குறைந்தாலும் படுக்க நல்ல கம்பளி கிடைக்காவிட்டாலும், "ஒனக்குத் தாலி கட்டுனதுல பெரும்பங்கு நானுதான் புள்ள, மறந்துறாத" என்பாள். ராக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு துண்டு கறியைப் போடுவாள்.

வீரய்யா அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் ராக்காயிக்குத் தெரியும். அவன் சிறுபிள்ளையாக இருந்தபோது குடும்பம் ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தது. அவன் அப்பன் மூக்கன் ஒருநாள் காலில் குத்திய முள்ளை எடுக்க மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். குதிரையில் வந்த தொரைக்கு எழுந்து நிற்கவில்லை. மறுநாள் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுப்பையும் பாயையும் தலையில் வைத்துக்கொண்டு, மழையில், வேலை கொடுக்கிற தோட்டத்தைத் தேடி அந்தக் குடும்பம் நடந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ராக்காயியால் முழுசாகக் கோபப்பட முடியாமல் போனது. பாதிக் கோபத்தோடு குடும்பம் நடத்துவது பெரிய தொல்லை.

இந்த நிலையில்தான் பள்ளத்தில் அணை வந்தது. ஆற்றை மறித்துக் கட்டினார்கள், தண்ணீர் ஏறியது. மாரியம்மனை முன்னமே மேலே தூக்கிக்கொண்டு வந்து, அவர்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கோயிலின் தகரத்தைக் கழற்றினார்கள், சுவரை இடித்துக் கல்லை எடுத்தார்கள். சிமெந்துத் தரையும் அரசமரமும் மட்டும் போய்க்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கோயில் ஒரு மேட்டில் இருந்ததால் அரசமரம் முழுசாக முழுகவில்லை. இலையெல்லாம் கொட்டி, நீரின் நடுவே மொட்டையாக நின்றது. கொழுந்து மலையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் ராக்காயிக்கு அது கண்ணில் பட்டது. தன் ஒற்றை முடிச்சு அந்த மரத்தடியில் கிடக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர்க் கரைக்குப் போய், கட்டுச்சோறு தின்று, பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது அவர்கள் காவேரிக் கரையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பழக்கம். ராக்காயி ஒரு மாதம் முன்பே யோசித்துவிட்டாள்.

"இந்தாங்க, ஒரு படகு செய்ங்க" என்றாள் ஒருநாள் ராத்திரிச் சோறு போடும்போது.

வீரய்யா தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவன். "நான் பெட்டி அடிக்கிறவன் புள்ள. படகு செய்ய எனக்கு என்ன தெரியும்?"

"பெட்டிக்கு மூடி போடாட்டி அது படகுதானே? பெருசா அடிங்க. கோயில் மரத்துக்கிட்டப் போறோம். அங்க வச்சு நீங்க எனக்குப் புதுக்கயிறு கட்டணும். மூணு முடிச்சும் நீங்களே. உக்காந்துக்கிட்டே."

வீரய்யா சோற்றைப் பார்த்தான். "மோட்டார் சத்தம் கேட்டா..."

"தண்ணிக்குள்ள மோட்டார் எப்புடிங்க வரும்?"

வீரய்யா மறுநாளே தொழிற்சாலைக்குப் போய், அங்கே பொறுப்பாளரான டீ மேக்கர் சிவபாதத்திடம் உடைந்த பெட்டிப் பலகைகளைக் கேட்டான், நின்றுகொண்டுதான். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார். "உடைஞ்சதுகள் தானே, எடுத்துக்கொண்டு போ. ஆனால் அது தண்ணிக்குள்ளை தாண்டு போனால் என்னட்டை வரப்படாது, சொல்லிப்போட்டன்" என்றார்.

படகு உருவானது. பெட்டிப் பலகைகளை ஒன்றோடொன்று வைத்துத் தைத்து, மூலைக்குத் தகரப் பட்டி அடித்து, உள்ளே ஈயத்தாளை ஒட்டி, வெளியே மூட்டுகளில் மட்டும் ரோட்டுத் தாரைக் காய்ச்சிப் பூசினான். பக்கத்துக்குப் பக்கம் தோட்டத்துப் பேர் கறுப்பு எழுத்தில் தலைகீழாகத் தெரிந்தது. லயத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் அதை எருமைத் தொட்டி என்றார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் அழகம்மா மட்டும் கப்பல் என்றாள்.

முதல் நாளே காளியாயியும் அவள் புருஷன் கந்தப்பனும் தலவாக்கலையில் பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். கந்தப்பன் படகைச் சுற்றி வந்து, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, நீ கவலப்படாத. தண்ணிப் பயணம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ராமேஸ்வரத்துலேருந்து தலைமன்னாருக்குக் கப்பல்ல வந்தவன் நானு."

"வந்தீங்க. வாந்தி எடுத்துக்கிட்டே வந்தீங்க" என்றாள் காளியாயி.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. ஆடி மாதத்தில் அந்த மலையில் மழை விடுவதே பெரிய விஷயம். வீரய்யாவும் கந்தப்பனும் படகைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டார்கள். இரண்டு தலைகளும் உள்ளே போய்விட்டன. வெளியே நான்கு கால்கள் மட்டும் நடந்தன. முன்னால் கட்டுச்சோற்றுக் கூடையோடு ராக்காயி, பின்னால் கொழுந்துக் கூடைக்குள் மஞ்சள், பூ, காதோலை கருகமணி, தேங்காயோடு காளியாயி. அழகம்மா வழி சொன்னாள்.

"மாமா, எடது பக்கம். அப்பா, கான் வருது, காலத் தூக்குங்க. மாமா, அது கான் இல்ல, கான் இப்பதான் வருது."

கந்தப்பன் மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கி ஏறினார். குறுக்குப் பாதையில் அட்டை வேறு. இரண்டு கையும் படகைப் பிடித்திருக்க, காலில் ஏறியதைப் பிடுங்க வழியில்லை. படகுக்குள்ளிருந்து, "காளியாயி, அட்டை முழங்காலத் தாண்டிருச்சு, ஓடியா!" என்று குரல் வந்தது. காளியாயி சாவகாசமாக வந்து, "எந்த முழங்கால்?" என்று கேட்டாள். தேயிலைக்குள் நின்று பார்த்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராக்காயிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

தண்ணீரில் வைத்தபோது படகு மிதந்தது. செய்தவனே அதை எதிர்பார்க்கவில்லை. ஐந்து பேரும் ஏறினார்கள். அழகம்மா கையில் செம்பைக் கொடுத்து, ஊறி வருகிற தண்ணீரை மொண்டு ஊற்றச் சொன்னார்கள். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பலகையால் துடுப்புப் போட்டார்கள். படகு ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி வட்டம்.

"கப்பல்ல இப்புடித்தான் வந்தீங்களாண்ணே?" என்றாள் ராக்காயி.

"கப்பல்ல நமக்கு வேல குடுக்கலம்மா."

மூன்றாவது வட்டத்தில் ராக்காயிக்கு ஒன்று விளங்கியது. ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, இருவரும் தன்னிச்சையாகத் துழாவுகிறார்கள். அவள் காலையில் கொழுந்தில் கை வைக்கும்போது போடுகிற குரலைப் போட்டாள்: "பொலி... பொலியோ பொலி!" காளியாயியும் சேர்ந்துகொண்டாள். அந்தக் குரலுக்குக் கை ஒன்றாக விழுவது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். இரண்டு பலகையும் ஒன்றாக விழுந்தன. படகு நேராக அரசமரத்தைப் பார்த்துப் போனது.

மரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். அந்தப் பக்கத்துக் கரை கூப்பிடு தூரம்தான். அங்கே ரோடு இல்லை, பெரிய பாறைகளும் புதரும் மட்டும். கந்தப்பன் காலியான கொழுந்துக் கூடைக்குள் ரொட்டித் துண்டைப் போட்டு, கல் கட்டித் தண்ணீரில் இறக்கினார். "மீனுக்கு ஒரு பெரட்டு வைப்போம்" என்றார், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டை நினைத்து. ராக்காயி பூவையும் காதோலை கருகமணியையும் தண்ணீரில் விட்டாள். அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் அவளுடைய மணை போட்ட இடம். மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

காளியாயியின் கை முன்னால் வந்தது. "குடு புள்ள, பழக்கமான கை. நானே கட்டுறேன்."

"வேணாம் மதினி. போன தடவ கட்டுனதே ஒங்களுக்கு இன்னும் வலிக்குது போல. வர்றப்பெல்லாம் சொல்றீங்க."

காளியாயி கையை இழுத்துக்கொண்டாள். வீரய்யா கயிற்றை வாங்கினான். பழைய கயிறு கழுத்தில் இருக்கும்போதே புதுசைக் கட்டிவிட வேண்டும். ராக்காயி தலையைக் குனிந்தாள். கல்யாணப் பெண் மாதிரி வெட்கம்கூட வந்தது அவளுக்கு, மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று அடக்கிக்கொண்டாள். வீரய்யா ஒரு முடிச்சுப் போட்டான்.

அப்போது கரையில் யாரோ இருமினார்கள்.

பாறைக்குப் பின்னால் தூண்டிலோடு தொரை உட்கார்ந்திருந்தார். காக்கிக் காற்சட்டை, தொப்பி, வாயில் புகையும் சுங்கான். ஜீப்பை எங்கோ தூரத்து ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். மோட்டார் சத்தம் வந்திருந்தால் ராக்காயி புருஷனின் வேட்டியைப் பிடித்து அமுக்கியிருப்பாள். இருமலுக்கு அவள் தயாராக இல்லை.

வீரய்யா எழுந்தான். தலைத்துண்டு கக்கத்துக்குப் போனது. "சலாங்க தொரை!" அவன் எழுந்ததைப் பார்த்துக் கந்தப்பனும் எழுந்தார். இருவரும் எழுந்த பிறகு உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று காளியாயியும் எழுந்தாள், அவள் கொஞ்சம் கனத்த சரீரம். மூன்று பேரும் தொரை இருக்கிற பக்கமாகவே குனிந்தார்கள். தேயிலைப் பெட்டிக்கு அது தாங்குமா? தோட்டத்துப் பேர் ஒரே ஒரு கணம் நேராகத் தெரிந்தது. பிறகு படகு கவிழ்ந்தது.

"ஆத்தா! மாரியாத்தா! போறேன், போறேன்!" என்று காளியாயி கத்தினாள். கந்தப்பன் கையையும் காலையும் அடித்து நீச்சல் போட்டார், நகரவில்லை. "மாமா, எந்திரிங்க, இடுப்பளவுதான்!" என்று அழகம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். மேட்டின் மேல் தண்ணீர் அவ்வளவுதான் இருந்தது.

ராக்காயியின் கால் வழுவழுப்பான எதிலோ பட்டது. சிமெந்துத் தரை. கோயில் தரை. தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடக்க அவள் புருஷனைத் தேடினாள். வீரய்யா இடுப்பளவு தண்ணீரில், அரசமரத்துக்குப் பக்கத்தில், ஈரத்துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி இன்னும் சலாம் வைத்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. பதினாறு வருஷம் கழித்து, அதே இடத்தில், அதே மாதிரி. அதே ஒற்றை முடிச்சு. "நல்லா நில்லுங்க" என்றாள். "அன்னைக்கு நின்ன எடந்தான். அடையாளம் தெரியுதா?"

வீரய்யாவுக்குத் தெரிந்தது. அவன் முகம் சுருங்கிப்போனது.

கரையில் தொரை எழுந்து, தண்ணீரின் ஓரம் வரை ஓடி வந்திருந்தார். யாரும் சாகப்போவதில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "ஏய், மடையன்! படகுல எந்திரிக்கக் கூடாது! தொரை வந்தா என்ன, மகாராணி வந்தா என்ன? படகுல இருந்தா உக்காரணும்! எப்பவும் உக்காரணும்! தெரியுதா மேன்?"

"ஒத்தரவுங்க தொரை!" என்று சொன்ன வீரய்யா, உடனே உட்கார்ந்தான். தண்ணீர் மூக்கு வரை வந்தது.

அழகம்மாவால் அதற்குமேல் முடியவில்லை, மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ராக்காயி சிரிக்கவில்லை. அவள் அழுகை பாதியில் நின்றுவிட்டது. தொரை சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். எப்பவும் உக்காரணும். தொரை வாயிலிருந்தே வந்த வார்த்தை. அதை அவள் கவனமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

படகை நிமிர்த்தித் தண்ணீரைக் கொட்டினார்கள். கட்டுச்சோறு போயே போய்விட்டது. கந்தப்பன் கயிற்றை இழுத்துக் கூடையைத் தூக்கினார், உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துள்ளியது. கப்பலில் வந்தவன் என்பது இதோ நிரூபணமாகிவிட்டது என்று அவர் கூடையை உயர்த்திக் காட்டினார். தொரை அந்த மீனைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த மீன்கூடையைப் பார்த்தார். காலையிலிருந்து அது காலிதான்.

லயத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காயட்டும் என்று படகை லயத்து வாசலில் நிமிர்த்தி வைத்தார்கள். காளியாயி மீனை ஆய்ந்து குழம்பு வைத்தாள். கவிழ்ந்த கதையை வீட்டு முன்திண்ணைகளில், இஸ்தோப்புக்கு இஸ்தோப்பு போய்ச் சொன்ன கந்தப்பன், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீரின் ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கடைசி வீட்டுக்குப் போனபோது யாருக்குமே கால் எட்டவில்லை.

வீரய்யா படிக்கட்டில் தனியாக நின்றான். ராக்காயி ஈரத் தலையைத் துவட்டியபடி வந்தாள். அவள் கழுத்தில் பழைய கயிறும், ஒற்றை முடிச்சோடு சாயம் போன புதுக்கயிறும் கிடந்தன.

"அப்பன் நெனப்பு வந்துருது புள்ள" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "மழையில நடந்தோமே, அந்த நெனப்பு. நான் எந்திரிக்கிறதில்ல. காலு தானா எந்திரிக்கிது. வேணும்னு செய்யல."

"தெரியுங்க" என்றாள் ராக்காயி. அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. ஆனால் இரக்கப்பட்டுக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள். "வாங்க, படகுல ஏறுங்க."

"தண்ணியில்லாமலா?"

"தண்ணி இல்லாட்டி இது படகு இல்லையா?"

"படகுதான்."

"படகுல என்ன செய்யக் கூடாதுன்னு தொரை சொன்னாரு?"

வீரய்யா யோசித்தான். உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவன். "எந்திரிக்கக் கூடாதுன்னாரு."

"எப்ப?"

"எப்பவுமே."

"அப்பறம் என்ன? ஏறுங்க."

அவன் ஏறி உட்கார்ந்தான். எதிரே அவள் உட்கார்ந்தாள். லயத்து ஜனம் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை இதைவிட நல்ல வேடிக்கை எங்கே கிடைக்கும்? காளியாயி அகப்பையோடு ஓடி வந்தாள். வீரய்யா புதுக்கயிற்றின் இரண்டு நுனியையும் கையில் எடுத்தான்.

மலை வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

இது மரக்கறி லாரி இல்லை. தொரையின் ஜீப்பேதான், லயத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். துண்டுகள் இறங்கின. வீரய்யாவின் முழங்கால் துடிப்பதை ராக்காயி பார்த்தாள். பிடித்து அமுக்கலாமா என்று அவள் கை ஒரு கணம் பரபரத்தது. பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டாள். அமுக்கி உட்கார வைத்தால் அது அவள் போட்ட முடிச்சாகிவிடும், காளியாயி போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

ஜீப் நின்றது. தொரை இறங்கிப் படகுக்குப் பக்கத்தில் வந்தார். காலையில் அவர் திட்டியது மற்றவர்களுக்குக் கதை, வீரய்யாவுக்கு அது ஒன்றுதான் பிடி. வியர்வை அவன் நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. கண்ணை நிமிர்த்தித் தொரையைப் பார்த்தான்.

"சலாங்க தொரை" என்றான். "படகுல இருக்கேங்க."

சொல்லிவிட்டு, இரண்டாவது முடிச்சைப் போட்டான்.

தொரை படகைப் பார்த்தார். அதன் அடியில் இருந்த காய்ந்த மண்ணைப் பார்த்தார். சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்வார்? மடையன், எந்திரி என்று சொன்னால், காலையில் சொன்னதை அவரே தின்ன வேண்டும், அதுவும் இத்தனை பேர் முன்னால். திறந்த வாயை மூடிக்கொண்டார். பொம்பளை ஒருத்தி தலை குனிந்திருக்க அவள் கழுத்தில் என்னவோ நடக்கிறது, கோயில் காரியம் போல இருக்கிறது என்று தெரிந்ததோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரி, சரி" என்றார். "முடி."

மூன்றாவது முடிச்சுக்குப் பழக்க தோஷத்தில் காளியாயியின் கை நீண்டது. "விடுக்கா" என்று வீரய்யா அதைத் தட்டிவிட்டான். நிதானமாக, பெட்டிக்கு ஆணி அடிக்கிற நிதானத்தோடு, மூன்றாவது முடிச்சை அவனே போட்டு இழுத்துப் பார்த்தான். அதுவரைக்கும் தொரை நின்றுகொண்டிருந்தார். வீரய்யா உட்கார்ந்திருந்தான். ராக்காயியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அதைத் துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு தொரை படகின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். தாம் வந்த காரியத்தைச் சொன்னார். கரையிலிருந்து மீன் பிடிக்க முடியவில்லை. மீனெல்லாம் நடுவில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இந்தப் படகு அவருக்கு வேண்டும்.

வீரய்யா பெண்டாட்டியைப் பார்த்தான். ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பழைய ராக்காயி திரும்பி வந்துவிட்டாள்.

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க தொரை" என்றாள் மிகவும் பணிவாக. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. நாங்க யாராச்சும் கரையில வந்தோம்னா, எங்களுக்காக எந்திரிச்சிறாதீங்க. கவுந்துரும்."

அழகம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு கந்தப்பன், பிறகு எல்லோரும். கடைசியாகத் தொரையும் சிரித்தார். முழுசாக விளங்கித்தான் சிரித்தாரா என்று ராக்காயிக்குச் சொல்லத் தெரியவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி காளியாயி தன் இலையில் மீன் துண்டு சிறுசாக இருப்பதைப் பார்த்து வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றுமில்லை என்பது ஞாபகம் வந்து, அந்த வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் சலாம் வீரய்யா எல்லோருக்கும் முந்தி நிமிர்ந்து நின்று சலாம் வைத்தான். மரக்கறி லாரிக்கும் எழுந்தான். ஆனால் ராத்திரிச் சோற்றை மட்டும் அன்றிலிருந்து வாசலில் கிடந்த படகுக்குள் உட்கார்ந்துதான் தின்றான், எதிரே ராக்காயி சட்டியோடு உட்கார்ந்திருப்பாள். மலை வளைவில் ஜீப் சத்தம் கேட்கும். வீரய்யா தலையைத் தூக்கிக் கேட்பான், பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்வான்.